சிலிங் ஏன் தங்கவில்லை?

பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, கல்முனை வரையான ஊர்களில் ஒரு பழைய சிலிங் கைக்கு வந்தால், நம்மில் பலர் அரசர் தலை, ஆண்டு, எடை மூன்றையும் எழுதிக்கொண்டு அடுத்த காசுக்குப் போய்விடுகிறோம். எந்த வீட்டில், எந்தக் காசுகளோடு கிடந்தது என்று எழுதுவதில்லை. 1825ஆம் ஆண்டு நாணயத் திட்டத்தை அறிந்தவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது புரியும்.

அதற்கு முன் இலங்கையில் கணக்கு இறைசாலில் நடந்தது. 12 பணம் ஓர் இறைசால். தாளும் செம்பும் பெருகி அதன் மதிப்புச் சரிந்தது. 1825இல் பிரித்தானியத் திறைசேரி, குடியேற்ற நாடுகளில் நின்ற படைக்குப் பிரித்தானிய வெள்ளியிலேயே சம்பளம் கொடுக்கத் தீர்மானித்தது. இறைசாலுக்கு 1 சிலிங் 6 பென்ஸ் என்று விலை வைத்தார்கள். சிப்பாயின் சிலிங் கடைக்கு வரும். வணிகர் 103 பவுண் வெள்ளியைப் படையின் கொமிசரியட்டில் கட்டினால், இலண்டன் திறைசேரியின் பேரில் 100 பவுணுக்கு உண்டியல் கிடைக்கும். கட்டிய வெள்ளி மறுபடி சம்பளமாகும். கப்பலில் காசு ஏற்றும் செலவு குறையும். படைப் பெட்டியும் குடியேற்ற அரசின் திறைசேரியும் ஒரே காசில் கணக்குத் தீர்க்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1836இல் கும்பனி ரூபாய்க்கு 2 சிலிங் என்று விலை வைத்ததும் அது ஆட்டங்கண்டது என்பது என் கணிப்பு. 2 சிலிங்கை உண்டியலாக மாற்றினால் இலண்டனில் 23 பென்சுக்குச் சற்று மேல் கிடைக்கும். ஒரு ரூபாயில் உள்ள வெள்ளியோ அங்கே ஏறத்தாழ 22 பென்ஸ்தான் பெறும். இந்தியக் கரையோடு வணிகம் செய்தவர் எதைக் கொண்டுவந்திருப்பார், எதைக் கொமிசரியட்டில் கட்டியிருப்பார்? கடைசியில் 1872 முதல் அரசாங்கக் கணக்கே ரூபாய்க்கும் சதத்துக்கும் மாறியது.

குடியேற்ற நாடுகளின் நாணய வரலாற்றை 1893இல் நூலாக்கிய ரொபர்ட் சாமர்ஸ் திறைசேரி அலுவலர். 1913இல் இலங்கைக்கே தேசாதிபதியாக வந்தவர். ஆணைகளையும் விலைகளையும் அவரிடம் படிக்கலாம். படைச் சம்பளம் எந்த ஊர்வரை போய்ச் சேர்ந்தது, எங்கே ரூபாய் அதை வென்றது என்பவற்றுக்குச் சாட்சி நம் வீட்டுப் பெட்டகங்களில்தான் கிடைக்க வேண்டும்.

ஆகவே சேகரிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒன்றாகக் கிடைத்த காசுகளைப் பிரிக்காதீர்கள், புளி போட்டுத் துலக்காதீர்கள். செம்பு, வெள்ளி எல்லாவற்றையும் சேர்த்து வைத்தே படம் எடுங்கள். ஊரையும், கொடுத்தவர் அவை பற்றிச் சொன்னதையும் எழுதுங்கள். கிடைத்த ஊர் குறிக்காத பட்டியல்களை அடுத்த இதழிலிருந்து வெளியிட மாட்டோம்.