மாஸ்டரின் கொப்பி

கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் மூடுண்டபோது நாம் ஆட்களைத்தான் தேடினோம். அதுதான் நியாயம். ஆனால் அந்தக் காம்பராக்களில் றங்குப்பெட்டிகளும் இருந்தன. பிரஜாவுரிமைப் பத்திரம், கலியாணப் போட்டோ, தாத்தா எழுதி வைத்த பாட்டு என்று ஒரு லயத்துக் குடும்பம் தலைமுறையாகப் பொத்தி வைப்பதெல்லாம் அப்படிப்பட்ட பெட்டிகளுக்குள்தான். எதற்கும் வேறிடத்தில் ஒரு பிரதி இருக்கட்டுமே என்று நமக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகாவது தோன்றியிருக்க வேண்டும். மற்றத் தோட்டங்களில் பெட்டிகள் இன்றும் அப்படியேதான் இருக்கின்றன.

நம் கலைகளுக்கும் பிரதி இல்லை. காமன் கூத்தையே எடுத்துக்கொள்வோம். மாசியில் காமன் நட்டு, பௌர்ணமியில் மதனை எரிக்கும் வரை இரவுகள் தப்புச் சத்தத்தோடு போகும். ரதியும் மதனும் வந்ததும் எல்லாக் கைகளும் போனை உயர்த்தும். நானும் உயர்த்தியிருக்கிறேன். அரை நிமிடம் எடுத்து, ஸ்டேட்டஸில் போட்டு, போன் நிரம்பியதும் அழித்துவிடுகிறோம். தப்பு எந்த இடத்தில் அடி மாறுகிறது, ரதியின் ஒப்பாரி எந்த மெட்டில் இறங்குகிறது என்பதெல்லாம் கூத்து மாஸ்டருக்குத்தான் தெரியும். ஓரம் கிழிந்து, வியர்வையில் மை கலங்கிய அவருடைய கொப்பியை ஒருநாள் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படமெடுக்க நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

திருவிழாவுக்கு வெளியிலிருந்து வரும் இசைக்குழுவுக்குப் பேசிய காசை முன்கூட்டியே கொடுக்கிறோம். மாஸ்டருக்கு ஒரு வேட்டியும் துண்டும். அவர் கேட்கமாட்டார், நம்மவர்தானே என்று விட்டுவிட்டோம். அவருடைய பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போனபோது, இளசுகளுக்குக் கலையில் அக்கறை இல்லை என்று குறைப்பட்டதும் நாம்தான்.

மரபை எண்ணிமப்படுத்தக் கொள்கை வேண்டும், கலைஞருக்கு ஆதரவு வேண்டும் என்று இப்போது பேசுகிறோம். வேண்டியதுதான். 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்திலேயே நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதை மாஸ்டருக்கு வாசித்துச் சொன்னோமா? வீடு, ரோடு, சம்பளம் என்று எழுதிய மகஜர்களில் இந்தக் கலைக்கும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

வழிகாட்ட ஆளில்லாமலும் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை நம் பாடல்களைச் சேகரித்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று புத்தகமாக்கினார். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் ஈழத்து, மலையக எழுத்துகளை இலவசமாக வாசிக்கக் கொடுக்கிறது. அவர்கள் சேர்த்ததை எடுத்து வாசித்தோம். நம் வீட்டிலிருந்து ஒரு தாளைக்கூடக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

வருகிற மாசிக்கு முன் கோயில் கமிட்டியில் இதைப் பேச வேண்டும். மாஸ்டருக்கும் தப்புக்காரருக்கும் உரிய கூலியைக் கமிட்டி முதலில் பேசி முடிக்கட்டும். அவர்கள் சம்மதித்தால், ஒரு பிள்ளை தொடக்கம் முதல் எரிப்பு வரை முழுதாகப் பதிவு செய்யட்டும். எதை வெளியே கொடுக்கலாம், எது தோட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை மாஸ்டரே சொல்லட்டும். ஒரு பிரதி அவர் வீட்டுக்கு, ஒன்று தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு, அவர் அனுமதிப்பது நூலகத்துக்கு.