பந்து எங்கே?

வானொலியில் கால்பந்தாட்டம் கேட்போர் உரைஞரைப் பற்றிப் பலவாறு பேசுவர். குரல் கணீரென்று இருந்தது என்பர். சொல்மாரி பொழிந்தார் என்பர். ஆனால் முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்நொடியில் பந்து எங்கே? இதற்கு விடை தாராத குரல் எத்துணை இனியதாயினும் நேர்முகவுரைக்கு உரியதன்று.

இவ்வளவுகோல் புதிதன்று. 1927-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள், இங்கிலாந்தும் வேல்சும் ஆடிய இரக்பி ஆட்டத்தைப் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் நேரடியாக ஒலிபரப்பிற்று. உரைஞர் வேக்லம் என்பார். பார்வையற்ற ஒருவரை அவர் அருகே அமர்த்தி, அவருக்கு விளங்குமாறு சொல்லப் பணித்தனர். அடுத்த கிழமையே, சனவரி 22-இல், ஆர்சனல், செபீல்டு யுனைட்டெடு அணிகளின் கால்பந்தாட்டம் ஒலிபரப்பாயிற்று. களத்தை எட்டுக் கட்டங்களாகப் பகுத்த படம் முன்னரே வானொலி இதழில் அச்சாகியிருந்தது. வேக்லம் ஆட்டத்தைச் சொல்லச் சொல்ல, மற்றொருவர் பந்து இருக்கும் கட்டத்தின் எண்ணைக் கூறிவந்தார். காணாதார்க்குக் கண்ணாதலே உரைஞரின் கடமை என்னும் உண்மை, அத்தொழிலின் தொட்டிலிலேயே உணரப்பட்டுவிட்டது.

நீலமலை மக்களுக்கு இவ்வுண்மையை விளக்கவும் வேண்டுமோ? குன்னூர்ச் சரிவில் பனிமூட்டம் இறங்கினால், களத்தின் ஓரத்தில் நிற்பவனுக்கே மறுமுனைக் கம்பம் தெரியாது. கூடலூரோ கால்பந்தை உயிராய்ப் போற்றும் மலப்புறத்துக்கும் வயநாட்டுக்கும் அண்டை நிலம். குன்னூரை அடுத்த வெலிங்டன் பெற்ற பெருமை இன்னும் பெரிது. அங்குள்ள சென்னைப் படைப்பிரிவு நடுவத்தின் அணி 1955-இலும் 1958-இலும் தூரந்து கோப்பையை வென்றது. அவ்வணியில் ஆடி உயர்ந்தவரே இலக்குக்காவலர் பீட்டர் தங்கராசு. 1956-இல் மெல்போர்ன், 1960-இல் உரோம் ஒலிம்பிக்கு ஆட்டங்களில் இந்திய அணியில் இடம் பெற்றவர் அவர். 1962-இல் சகார்த்தாவில் ஆசியப் பொற்பதக்கம் வென்ற அணியிலும் இருந்தவர்.

அந்த நெடிய கைகள் தடுத்த பந்துகள் எத்தனை! அவற்றைத் தமிழில் சொன்ன ஒரு தொடரேனும் மக்கள் நாவில் நிற்கின்றதா? வங்கத்தைப் பாருங்கள். அசய் பாசு, கமல் பட்டாச்சார்யா, புட்பென் சர்க்கார் ஆகியோர் தம் தாய்மொழியில் கல்கத்தாக் களத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தனர். ஆட்டக்காரரோடு உரைஞர் பெயரும் அங்கே நிலைத்தது. சொல்லப்படாத ஆட்டம் கண்டவர் கண்ணோடு மறைகிறது; சொல்லப்பட்ட ஆட்டமே வழிவழி வாழ்கிறது.

தமிழில் உரைவளம் இல்லாமலில்லை. மட்டைப்பந்தாட்டத்தை அப்துல் சப்பார், இராமமூர்த்தி, கூத்தபிரான் முதலியோர் வானொலியில் அழகுறச் சொல்லித் தமிழால் இயலும் என்று காட்டினர். எனினும் மட்டைப்பந்து வேறு, கால்பந்து வேறு. அங்கே ஒரு வீச்சுக்கும் மறு வீச்சுக்கும் நடுவே இடைவெளி உண்டு. உவமை சொல்லலாம், பழைய ஆட்டத்தை நினைவூட்டலாம். கால்பந்தில் அவ்விடைவெளி இல்லை. உவமையை முடிப்பதற்குள் பந்து களத்தின் மறுகோடியில் இருக்கும். ஆதலின் அங்கே சிறப்பாவது இங்கே குற்றமாகும்.

பந்து இருக்கும் இடத்தை அடுத்து, மூன்று செய்திகளைக் கொண்டு உரைஞரை அளக்கலாம். முதலாவது, வெற்றி எண்ணிக்கை. கேட்போர் எல்லாரும் தொடக்கத்திலிருந்தே கேட்பதில்லை. அமெரிக்கத் தளக்கட்டுப் பந்தாட்ட உரைஞர் ரெட் பார்பர், மூன்று மணித்துளியில் மணல் இறங்கும் சிறு கன்னலை மேசைமேல் வைத்துக்கொண்டு, அது வடியுந்தோறும் எண்ணிக்கையைச் சொல்வார். அந்த ஒழுங்கு எல்லார்க்கும் வேண்டும். இரண்டாவது, ஆட்டக்காரர் பெயர். எண்ணையோ சட்டை நிறத்தையோ மட்டும் சொல்லி நழுவுபவர் முன்கூட்டி உழைக்காதவர். மூன்றாவது, நேர்மை. வெறுமையான உதையையும் பேரிடி போல் முழங்குபவர், உண்மையாகவே இலக்கு விழும்போது முழங்குவதற்கு என்ன வைத்திருப்பார்? தென்னமெரிக்க உரைஞர்கள் இலக்கு விழுந்ததும் மூச்சு உள்ளவரை இழுத்து முழங்குவர்; அது அவர்தம் மரபு. ஆனால் அம்முழக்கம் ஓய்ந்தபின், உதைத்தவர் யார், பந்து எவ்வழி சென்றது எனச் சொல்லாவிடின் அது வெற்றோசையே.

இனி மொழி. 'ரைட் விங்கிலிருந்து கிராசு, கீப்பர் சேவ்' என்பது தமிழுரை ஆகுமா? வேற்றுமை உருபைத் தவிரத் தமிழே இல்லாத உரை, பிறமொழி அறியாத தோட்டத் தொழிலாளியை வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறது. 'வலப்புறமிருந்து உயர்த்தினார், காவலர் தடுத்தார்' என்றால் எல்லார்க்கும் விளங்கும், நேரமும் மிகாது. முனையுதை, தனியுதை, ஒறுப்புதை என்பனவெல்லாம் பந்தோடு ஓடவல்ல சொற்களே.

அதே நடுவுநிலையோடு தமிழ்ப்பற்றாளரும் ஒன்றை உணர வேண்டும். தூய சொல்லாயினும் நீண்டு கிடந்தால் களத்தில் உதவாது. 'எதிரணியின் இறுதிக் காவலர்க்கு அப்பால் நின்ற பிழை' என்று உரைஞர் நீட்டுவாராயின், சொல் முடியுமுன் ஆட்டம் தொடர்ந்துவிடும். 'அப்பால் நின்றார்' என்றாலே போதும். பந்தை முந்தாவிடினும் பந்துக்குப் பிந்தாத சொல்லே நல்ல சொல். திசை சொல்லும் வளமும் மக்களிடமே உள்ளது. 'குன்றுப் பக்கம்', 'சாலைப் பக்கம்' என்று உள்ளூர்க் களத்தில் சொன்னால், கேட்பவன் மனத்தில் களம் உடனே விரியும்.

ஆகவே, உரைஞரைத் தேரும் வானொலி நிலையங்களும், ஒலிபெருக்கி வைத்துப் போட்டி நடத்தும் ஊர் மன்றங்களும், குரலின் கனத்தை மட்டும் எடைபோடுதல் போதாது. பார்வையற்ற அன்பர் ஒருவரை நடுவராக அழையுங்கள். அல்லது களத்துக்கு முதுகு காட்டி ஒருவரை அமர்த்தி, கையில் களத்தின் படத்தைக் கொடுங்கள். உரையைக் கேட்டவாறே பந்து செல்லும் வழியில் அவர் விரல் சென்றால், அவ்வுரைஞர் தேறினார். விரல் திகைத்து நின்றால், அடுத்தவரை அழையுங்கள்.