பந்து உதைக்க இடம் எங்கே?

பெண்கள் தேசிய கால்பந்துப் பட்டத்தை 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் ஹரியானாவையும் தோற்கடித்துத் தமிழகம் வென்றது. மாலை போட்டார்கள், போட்டோ பிடித்தார்கள். ரொம்ப சந்தோஷம். திருச்சி புத்தூரில் பதினைந்து சிறுமிகள் பந்து உதைக்க ஆசைப்பட்டால் எங்கே போவது, கனவான்களே?

காஜாமலை அண்ணா விளையாட்டரங்கத்துக்கா? சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை, வாஸ்தவம். இருட்டியபின் திரும்பும் மகளுக்குத் துணை யார்? வீட்டு வேலைக்குப் போன தாயா?

“பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு?” என்கிறார்கள் சில பெரிய மனிதர்கள். பழைய பல்லவி! பிரிட்டனில் பிரஸ்டன் நகர ஆலைப் பெண்கள் அமைத்த டிக் கெர் அணியின் ஆட்டத்தைக் காண, 1920 டிசம்பர் 26-ல் லிவர்பூலில் 53,000 ஜனங்கள் திரண்டனர். 1921-ல் சுரங்க முதலாளிகள் கதவடைப்புச் செய்தபோது பெண்கள் அணிகள் தொழிலாளருக்காக ஆடி நிதி திரட்டின. அந்த டிசம்பரிலேயே, இது பெண்களுக்கு ஒவ்வாத ஆட்டமென்று ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் மைதானங்களை மூடிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு மூடியே கிடந்தன. கூட்டம் வராமலா மூடினார்கள்? வந்ததால்தான்!

இங்கே தடையுத்தரவு தேவையில்லை. கழிப்பறை இல்லாவிட்டால் போதும். உடை மாற்ற மறைவிடமில்லாத மைதானத்துக்கு மாதவிலக்கு நாளில் எந்தப் பெண் வருவாள்? பரீட்சை வந்தால் பாதி அணி நின்றுவிடும். பயிற்றுநர் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் மன்றாட வேண்டும். பந்தும் பூட்ஸும் அவர் கைக்காசு. அவரைத் தியாகி என்று புகழ்கிறார்கள். புகழ்ச்சி கிடக்கட்டும், சம்பளம் கொடுங்கள்!

பள்ளி விட்டதும் பூட்டு விழும் மைதானங்களை மாநகராட்சி மாலையில் திறந்துவிடட்டும். விளக்கு, தண்ணீர், கழிப்பறை வேண்டும். வார்டு கவுன்சிலரிடம் தாய்மார்களே மனுவோடு போவோம்.