செல்ஃப் மோட்டார் என்ன பாவம் செய்தது?

பழைய லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா? செல்ஃப் போச்சு, மோட்டாரை மாத்து! பெரம்பலூர், அரியலூர் பக்கம் பட்டறைக்குப் பட்டறை கேட்கிற தீர்ப்பு இதுதான். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, நேராகத் தூக்குத் தண்டனை. சில மாதம் கழித்து அதே லாரி, அதே பட்டறை, அதே தீர்ப்பு. ஒரு வண்டி அடுத்தடுத்து மூன்று மோட்டாரைத் தின்கிறது என்றால் கெட்டது மோட்டாராக இருக்க வாய்ப்பு குறைவு, வண்டியில் வேறு எதுவோ அதைக் கொல்கிறது என்று ஒருத்தருக்குக்கூடவா தோன்றாது?

முதலில் அந்த வண்டி ஓடுகிற ஊரைப் பார்ப்போம். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்து, 2002-இல் திரும்பச் சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. (ஸ்டார்ட் ஆகி ஆகி நின்று போவது இந்த ஊருக்குப் புதிதல்ல :-)) மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல். 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகளும் வரிசை கட்டின. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல், ஆலையிலிருந்து வெளியே மூட்டை. எல்லாம் குட்டிக் குட்டி நடைகள். ஆலை வாசல் வரிசையில் பத்தடி நகர ஒரு ஸ்டார்ட், நிறுத்தம், மறுபடி ஒரு ஸ்டார்ட். போன சார்ஜை ஆல்டர்னேட்டர் திருப்பி நிரப்புவதற்குள் அடுத்த நிறுத்தம் வந்துவிடும். இதற்கு மேல் தூசி. பேட்டரி தலையிலும், கேபிள் முனையிலும், இஞ்சினுக்கு அடியில் தொங்கும் மோட்டாரிலும் வெள்ளையாகப் படிந்து கிடக்கும்.

இந்த மோட்டாரின் பிறப்பு ரகசியத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. 1912-இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். இஞ்சினைச் சுற்ற வேண்டுமென்றால் அதற்கு ஈடான பெரிய மோட்டார் வேண்டுமே என்று மற்றவர்கள் தயங்கியபோது, கடைகளில் இருக்கும் கல்லா இயந்திரத்துக்கு மோட்டார் செய்த அனுபவத்தில் அவர் வேறு மாதிரி யோசித்தார். சின்ன மோட்டாரே போதும், சில விநாடி மட்டும் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம், பிறகு ஆற விட வேண்டும். இன்றைக்கும் கணக்கு அதுதான். தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்காதே, ஒன்றிரண்டு நிமிடம் ஆற விடு. முப்பது விநாடி அடித்தால் ஆர்மேச்சர் வறுபடும். ஆனால் டிரைவர் ஏன் முப்பது விநாடி அடிக்கிறார்? ஆசைக்கா?

குற்றவாளி இங்கேதான் ஒளிந்திருக்கிறான். பழைய லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோர்த்து 24 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது ஓடுகிற கரண்ட் பல நூறு ஆம்பியர். 400 என்று வைத்துக்கொள்வோம். பூத்துப்போன டெர்மினல், பாதி அறுந்த கேபிள் எல்லாம் சேர்ந்து நூறில் ஒரு பங்கு ஓம் தடை கொடுத்தாலே போதும், வழியிலேயே 4 வோல்ட் காணாமல் போய்விடும். 400 ஆம்பியரும் 4 வோல்ட்டும் பெருக்கினால் 1600 வாட். இரண்டு இஸ்திரிப் பெட்டியின் சூடு அந்த டெர்மினலில்! மோட்டாருக்கு மிஞ்சியது கிடைக்கிறது. மெதுவாகச் சுற்றுகிறது. டீசல் இஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. வேகமாகச் சுற்றிக் காற்றை அழுத்திச் சூடேற்றினால்தான் டீசல் பற்றும். மெதுவாகச் சுற்றினால் பற்றாது. பற்றாவிட்டால் இன்னும் அடிக்க வேண்டும். வோல்ட் குறைந்ததால் சோலினாய்டு வேறு 'டக டக' என்று துடித்து, உள்ளே காண்டாக்ட் தீய்ந்து, சில சமயம் ஒட்டியே போய்விடும். ஒட்டினால் இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகும் மோட்டார் விடாமல் சுற்றி வைண்டிங்கைப் பிய்த்து எறியும். கழற்றிப் பார்த்தால் மோட்டார் கருகியிருக்கும். தீர்ப்பு சரிதானே என்பார்கள்!

இதில் எர்த் கதை தனி ரகம். இஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸுக்கும் அதற்கும் நடுவில் கரண்ட் திரும்பி வர ஒரு எர்த் பட்டை வேண்டும். கிளட்ச் வேலைக்கோ இஞ்சின் வேலைக்கோ கழற்றியவர் அதைத் திரும்ப மாட்ட மறந்தால் (அல்லது பெயிண்ட் மேலேயே முறுக்கினால்), அத்தனை ஆம்பியரும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் கியர் லிங்க் வழியாகவும் வழி தேடும். ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டது என்று ஒரு டிரைவர் சொன்னால் சிரிக்காதீர்கள், அவர் நோயின் பெயரையே சொல்லிவிட்டார்.

அடுத்தது பாட்டுப் பெட்டி. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் செட்டை ஓட்ட ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுப்பார்கள். அந்தப் பேட்டரி பட்டினி, மற்றது அஜீரணம். ஆல்டர்னேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும், தனித்தனியாகத் தெரியாது. கொஞ்ச நாளில் இரண்டும் கெடும், பழி மோட்டாருக்கு.

கண்டுபிடிக்க என்ன வேண்டும்? சில நூறு ரூபாய் மல்டிமீட்டர், ஐந்து நிமிடம், செல்ஃப் அடிக்க ஒரு ஆள். டீசல் பற்றாதபடி ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயக் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல, கம்பத்தில்), இன்னொன்றை மோட்டார் உடம்பில் வைத்து அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். அடுத்து பாசிட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டாரின் பெரிய போல்ட் வரை. அடுத்து இரண்டு பேட்டரியையும் இணைக்கும் கேபிள். எங்கே வோல்ட் கூடுகிறதோ அங்கே கோளாறு. எல்லாம் சரியாக இருந்து, அடிக்கும்போது பேட்டரியும் படுக்காமல் இருந்தால், அப்போது மோட்டாரைக் கழற்றுங்கள். புஷ் தேய்ந்திருக்கலாம், பிரஷ் தீர்ந்திருக்கலாம், யாரும் மறுக்கவில்லை. கழற்றிய கையோடு ரிங் கியரையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். ஆறு சிலிண்டர் இஞ்சின் நிற்கும்போது பெரும்பாலும் அதே மூன்று இடத்தில்தான் நிற்கும், பல் அங்கேதான் தேயும்.

இதெல்லாம் பட்டறைக்காரருக்குத் தெரியாது என்று நினைத்தால் அது தப்பு. பலருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்து, உப்புத்தாளால் டெர்மினலைத் தேய்த்து, ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டுக் காசு கேட்டால் ஓனர் என்ன சொல்வார்? "பார்த்ததுக்கெல்லாம் காசா?" அதே ஓனர், கையில் கனமாக ஒரு மோட்டாரைக் கொடுத்தால் வாய் பேசாமல் எண்ணி வைப்பார். பொருளுக்கு விலை உண்டு, மூளைக்குக் கிடையாது. பிறகு மூளையை எவர் கடை திறந்து விற்பார்? புது மோட்டாரோ, கெட்ட கேபிளோடும் கொஞ்ச நாள் மல்லுக்கட்டி ஓடும். அந்தக் கொஞ்ச நாளே வைத்தியம் சரி என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. மறுபடி தீய்ந்தால் "பழைய வண்டி, அப்படித்தான்" என்று ஒரு வார்த்தை, இல்லையேல் டிரைவருக்கு அடிக்கத் தெரியவில்லை என்று ஒரு ஏச்சு.

ஏச்சோடு போனால் பரவாயில்லை. செல்ஃப் எடுக்காத வண்டியின் டிரைவர் ஆலை வரிசையில் இஞ்சினை அணைக்கவே பயப்படுவார், டீசல் வீணாகும். இரவில் குறுகலான ரோட்டில் வண்டி படுத்துவிட்டால், பின்னால் வேகமாக வருகிற பைக்காரருக்கு அது விளக்கில்லாத சுவர். எல்லாவற்றையும் விட மோசம், வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் மோட்டார் போல்ட்டுகளை ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணுவது. கியரில் இருப்பதை மறந்தால் லாரி அவர் மேலேயே நகரும். அடியில் படுப்பது ஓனர் அல்ல, பெரும்பாலும் கிளீனர் பையன்.

ஆகவே ஓனர்மார்களே, அடுத்த முறை மோட்டார் மாற்றச் சொன்னால், முதலில் மீட்டர் வைத்த மூன்று எண்களைக் கேளுங்கள். எர்த் பக்கம் எத்தனை, பாசிட்டிவ் பக்கம் எத்தனை, அடிக்கும்போது பேட்டரியில் எத்தனை. அந்த மூன்று எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லி, அதற்கென்று தனியாகக் கூலியும் போடச் சொல்லுங்கள். போட்டதைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.