நுரை வராதது சோப்பின் குற்றமா?

"சவர சோப்பெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. நம்ம ஊர் உப்புத் தண்ணிக்கு நுரைக்காது. நுரை வேணும்னா டப்பா வாங்கு." பிரஷைக் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டால் பெரும்பாலும் இதுதான் பதில். இந்தத் தீர்ப்பைத் தாங்கி நிற்கும் வாதங்களில் ஒன்றிரண்டு பாதி உண்மை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினாலும் சோப்பு குற்றவாளி ஆவதில்லை.

'டப்பா நுரை வேறு, சோப்பு வேறு' என்பது முதல் வாதம். டப்பாவின் பின்புறப் பொடி எழுத்தைப் படித்தால், பல பிராண்டுகளில் ஸ்டியரிக் அமிலம், டிரைஎத்தனாலமைன் என்ற இரண்டு பெயர்கள் இருக்கும். முன்னது கொழுப்பு அமிலம், பின்னது காரம். இரண்டும் சேர்ந்தால் சோப்பு. சவர சோப்பிலும் அதே ஸ்டியரிக் அமிலம்தான் முக்கியச் சரக்கு. காரம் மட்டும் பொட்டாசியம், சோடியம் ஹைட்ராக்சைடுகள். டப்பாவில் இருப்பது ஏற்கெனவே நிறையத் தண்ணீர் சேர்த்த சோப்பு. அதைப் பொங்க வைப்பது பியூட்டேன், புரோப்பேன் போன்ற வாயு. வட்ட சோப்பில் தண்ணீரையும் காற்றையும் நாம் பிரஷால் சேர்க்கிறோம். வேறுபாடு அவ்வளவுதான்.

'சோப்பு போட்டுப் பார்த்தாச்சு, கன்னத்திலேயே காய்ந்துபோகிறது' என்பது இரண்டாவது. குளியல் சோப்பைத் தேய்த்துப் பார்த்தவர் சொன்னால் அது முழு உண்மை. தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலம் சட்டென்று பெரிய குமிழிகளைத் தரும். அவை அதே வேகத்தில் உடையும். ஸ்டியரிக் அமில சோப்பு மெதுவாகத்தான் நுரைக்கும், ஆனால் குமிழி பொடியாக, நெருக்கமாக அமைந்து நிற்கும். அது தண்ணீரில் எளிதில் கரைவதற்காகவே பொட்டாசியம் சேர்க்கிறார்கள். குளியல் சோப்பின் தோல்வியைச் சவர சோப்பின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

மூன்றாவதுதான் கனமான வாதம்: தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறும் என்பது உண்மை. அப்படி வீணாகும் சோப்பு எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) ஏற்கத்தக்க கடினத்தன்மையாக லிட்டருக்கு 200 மில்லிகிராமையும், வேறு வழியில்லாதபோது பொறுத்துக்கொள்ளும் உச்சமாக 600 மில்லிகிராமையும் சொல்கிறது. அந்த உச்சத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு சவரத்துக்கான நுரையில் 15 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்கிறது என்று வைத்தால், அதிலுள்ள கால்சியம் விழுங்கும் சோப்பு சுமார் 55 மில்லிகிராம். 100 கிராம் சோப்பு தினசரி சவரத்துக்கு மூன்று மாதம் வருகிறது என்றால், ஒரு நாள் செலவு ஒரு கிராமுக்குச் சற்று மேல். அதாவது நட்டம் இருபதில் ஒரு பங்கு.

பிறகு ஏன் 'உப்புத் தண்ணீரில் சோப்பே நுரைக்காது' என்று நம்புகிறோம்? துணி துவைத்த அனுபவம். 15 லிட்டர் வாளித் தண்ணீரில் அதே கணக்கு 55 கிராம் சோப்பைத் தின்றுவிடும். அதற்குப் பிறகுதான் நுரையே தொடங்கும். வாளியில் கண்டதைக் கிண்ணத்துக்குப் பொருத்திவிட்டோம். பிசுக்கு குமிழிகளையும் கொஞ்சம் உடைக்கும் என்பதை மறுக்கவில்லை. அதற்கு மருந்து கூடுதல் சோப்பு. அதுவும் பிடிக்காதவர் அரை டம்ளர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ எடுத்துக்கொள்ளலாம். கொதிக்கவைத்தால் பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும் நீங்கும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் அதுதான்.

'நல்ல நுரைக்கு விலையுயர்ந்த பிரஷ் வேண்டும்' என்பது நான்காவது. பேட்ஜர் முடி மென்மையானது, தண்ணீரை நன்றாகப் பிடித்து வைக்கும், விலையும் அதற்கேற்ப. ஆனால் கெட்டி சோப்பிலிருந்து சரக்கை வாரி எடுக்க விறைப்பான பன்றி முடி நன்றாகவே உதவும். மலிவான செயற்கை இழையும் போதும். அது தண்ணீரைக் குறைவாகவே பிடிப்பதால் அளவு பார்த்துச் சேர்ப்பது தொடக்கக்காரருக்கு எளிது.

ஐந்தாவது வாதத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோரும் நம்புகிறார்கள்: நுரை எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு நல்லது. இந்த நம்பிக்கைதான் மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர். முடியை மெத்தென்று ஆக்குவது தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தோலில் காயாமல் பிடித்து வைப்பதும், பிளேடு வழுக்கிப் போக வழி செய்வதும் நுரையின் வேலை. குமிழி பெரிதானால் பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே இருப்பது வெறும் காற்று. பொங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டு, சோப்பைத் தொட்டும் தொடாமலும் எடுத்துத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். நுரை எழும்புகிறது, பாதி முகம் மழிப்பதற்குள் அமுங்குகிறது. பழி சோப்புக்கு.

செய்ய வேண்டியது தலைகீழ். பிரஷை நனைத்து, நன்றாக உதறிவிட்டு, சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுழற்ற வேண்டும். குமிழி தெரியக் கூடாது. பிரஷின் நுனியில் பற்பசை போல் கெட்டியாக ஏற வேண்டும். அதன் பிறகே தண்ணீர், அதுவும் சில சொட்டுகளாக. முகத்திலோ கிண்ணத்திலோ குழைத்து, மீண்டும் சில சொட்டு. மினுமினுப்பு வந்து, விரல்களுக்கிடையே தேய்த்தால் வழுக்க வேண்டும். வறண்டு நின்றால் தண்ணீர் போதவில்லை. பெரிய குமிழி தெரிந்தால் சோப்பு போதவில்லை. திரும்பவும் சோப்புக்கே போக வேண்டும்.

கடைசி வாதம் நேரம். அதில் டப்பாவுக்குத்தான் வெற்றி. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு நான் பிரஷை நீட்ட மாட்டேன். ஆனால் அவசரம் என்பது ஒரு காரணம், சோப்பு நுரைக்காது என்பது வேறொரு குற்றச்சாட்டு. முன்னதைச் சொல்லிப் பின்னதை நிரூபிக்க முடியாது. நுரை வராத நாளில் பிரஷை சோப்பின் மேல் இன்னும் அரை நிமிடம் சுழற்றிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் கம்பெனியைத் திட்டலாம்.