கொழும்பிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலம்?



உம்ராவுக்கோ, ஜித்தாவில் தொழில் புரியும் மகனைப் பார்க்கவோ முதன்முறையாகப் புறப்படும் உம்மாமார் பலர், டிக்கட்டிலுள்ள இரண்டு நேரங்களைக் கழித்துத்தான் பயண நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். உதாரணமாக, கட்டுநாயக்கவில் பிற்பகல் 2 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் மாலை 5.30க்கு இறக்கம் என்று வைத்துக் கொள்வோம். "மூன்றரை மணித்தியாலம்தானே!" என்று மனம் ஆறுதலடையும். உண்மையில் அது ஆறு மணித்தியாலப் பயணம்.

டிக்கட்டில் ஒவ்வோர் ஊருக்கும் அந்தந்த ஊர் நேரமே அச்சிடப்படும். சவூதி நேரம் நமது நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. (1996 அக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை நமது கடிகாரத்தை அரை மணித்தியாலம் முன்னே தள்ளி வைத்திருந்தோம் அல்லவா, அக்காலத்தில் இது மூன்று மணித்தியாலமாக இருந்தது.)

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 4,650 கிலோமீற்றர். துபாய் வழியாகப் போனாலும் ஏறத்தாழ 350 கிலோமீற்றர்தான் அதிகம். ஆனால் அங்கே அடுத்த விமானத்துக்காகக் காத்திருக்கும் நேரம்தான் பயணத்தை நீட்டிவிடும். டிக்கட் மலிவென்று மகிழுமுன், அந்த இடைவேளை எவ்வளவு என்று முகவரிடம் கேளுங்கள். வயதானவர்களுடன் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு விளையாட்டல்ல. குளிசையும் இன்சுலினும் ஊர்க் கடிகாரத்துக்குப் பழகிய உடலுக்குரியவை. புறப்படுமுன் டிக்கட்டை வைத்தியரிடம் காட்டி, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். நீங்களாகக் கூட்டிக் குறைக்க வேண்டாம். மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் கடுங்குளிர் பட்டால் இன்சுலின் உறைந்து கெட்டுவிடக்கூடும்.

நோன்புடன் பயணம் செய்பவர்களுக்கு இன்னொரு விடயம். மேற்கு நோக்கிப் பறக்கும்போது பகல் நீண்டுகொண்டே போகும். உங்கள் கைக்கடிகாரம் கொழும்பின் மஃரிப் நேரத்தைக் காட்டும். யன்னலுக்கு வெளியே சூரியன் நன்றாகவே தெரியும். ஊரில் நோன்பு துறந்துவிட்டார்களே என்று நீங்களும் துறக்க முடியாது. நீங்கள் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். பயணிக்குள்ள சலுகையைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

நேரே உம்ராவுக்குப் போகிறவர்கள் ஜித்தாவில் இறங்குவதற்கு முன்னரே, ஆகாயத்தில் மீக்காத் எல்லையைக் கடக்கிறார்கள். பெண்களுக்கு இஹ்ராமுக்கெனத் தனி உடை கிடையாது. நிய்யத்தைத் தவற விடாமல் இருப்பதே காரியம். ஆகவே கடைசி ஒரு மணித்தியாலத்தில் உறங்கிவிடாதீர்கள். அறிவிப்பு ஆங்கிலத்திலும் அரபியிலும் மட்டும் வரலாம். பக்கத்தில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழாகும். வியாழன் இரவு 8.30க்கு ஜித்தாவில் ஏறினால், வெள்ளி அதிகாலை 4.30க்குக் கட்டுநாயக்க. எட்டு மணித்தியாலம் போலத் தெரிந்தாலும் பறப்பது ஐந்தரைதான். குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலமான மேல்காற்றும் விமானத்தைத் தள்ளிக்கொண்டு வரும். டிக்கட்டில் இறங்கும் நேரத்தின் அருகே +1 என்றிருந்தால் மறுநாள் என்று பொருள். இதைக் கவனியாமல் வியாழன் அதிகாலையே வேன் பிடித்து வந்து ஒரு நாள் முழுக்கக் காத்திருப்போரும் உண்டு. கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து அழைக்க வருகிறவர்கள் வியாழன் மாலை புறப்பட்டால் போதும்.