மனநல மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்தல்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரிலுள்ள அரசியலமைப்பு நீதிமன்றம் 2024 நவம்பர் 26ஆம் நாள் வழங்கிய தீர்ப்பையும், அதன்படி 2026 இறுதிக்குள் கட்டாயச் சிகிச்சையை வைத்தியசாலையில் மட்டுமே அனுமதிக்கும் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றம் கடமைப்பட்டிருப்பதையும் அங்கத்தவர்கள் அறிவர். வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதே ஒருவருக்குத் தீங்காகும் அரிய சந்தர்ப்பங்களில், அவர் வாழும் இல்லத்திலேயே பலவந்தமாக மருந்து கொடுக்கலாமா என்பதில் செயற்குழுவில் அபிப்பிராய பேதம் உண்டு. விதிவிலக்கு ஏற்படுமாயின் அது மிகக் குறுகியதாதல் வேண்டும் என்ற அளவிலேயே உடன்பட்டோம்.

மருந்தே வேண்டாம் என்பது எமது கட்சியன்று. மருந்தால் உயிர் தரித்தோர் எம்முள் பலர். ஆயினும், ஒருவருடைய சம்மதமின்றி மருந்தைத் தொடங்குதற்கு நீதிபதியும் சட்டப் பொறுப்பாளரும் வைத்தியரும் கூடும் இந்நாட்டில், அதிலிருந்து இறங்க விரும்புபவருக்குத் துணைநிற்பார் அரியர் என்பதைக் கூறுதற்கு எவருடைய உடன்பாட்டையும் நாம் நாடவேண்டியிருக்கவில்லை.

மருந்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதை 'ஔஸ்ஷ்லைஹன்' என்று ஜேர்மன் மொழியில் வைத்தியர்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். ஓசைப்படாமல் நழுவி வெளியேறுதல் என்பது அதன் பொருள். சித்தலோப்பிறாம் என்னும் மனச்சோர்வு மருந்தின் 20 மில்லிகிராம், மூளையில் செரற்றோனின் என்னும் வேதிப்பொருளை மீள உறிஞ்சும் வாயில்களுள் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடைக்கிறதென்றால், இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட அளவே 40 சதவீதத்தை அடைத்துவிடுகிறது என்பதையும், ஆதலால் கடைசிப் படிகளே மிகச் சிறியனவாதல் வேண்டும் என்பதையும் ஹொரோவிற்ஸ், ரெய்லர் ஆகிய இரு அறிஞர் 2019இல் தெளிவுபடுத்தினர். மருந்துக் கடையில் வழக்கமாகக் கிடைக்கும் மிகச் சிறிய குளிசையோ 10 மில்லிகிராம். எனவே எமது அங்கத்தவர் ஒருவர், இரவில் அடுக்களை மேசையில் வெள்ளைத் தாளை விரித்து, நகம் ராவும் அரத்தால் குளிசையைச் சுரண்டி, நகை நிறுக்கும் தராசில் அத்தூளை நிறுக்கிறார். ஒரு தும்மலில் அன்றைய அளவு பறந்துவிடும். இது ஓர் ஒழுங்கான நாட்டில் நடக்கத் தக்கதா? தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வோடும் உறக்கமின்மையோடும் அவர் வைத்தியரிடம் சென்றபோது, நோய் திரும்பிவிட்டது என்ற ஒரே வசனத்தோடு பழைய அளவே மீண்டும் எழுதப்பட்டது.

அநேகர் பெருந்துன்பமின்றி நிறுத்துகின்றனர் என்பதை மறுக்கிலோம். பேர்லின், கேள்ன் ஆய்வாளர்கள் 2024இல் 21,000 பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி, மனச்சோர்வு மருந்தை நிறுத்துவோருள் ஆறேழு பேருக்கு ஒருவர் மருந்து நீங்கியதனாலேயே துன்புறுகிறார் எனக் கணித்தனர். அந்த ஒருவர் எம் வீட்டார். பேற்றர் லேமன் என்பவர் 1998இலேயே மருந்தை நிறுத்தியோரின் அனுபவங்களைத் தொகுத்து நூலாக்கினார், கேட்கவேண்டியவர்கள் கேட்டிலர்.

ஆதலால் சிறிய அளவுகள் தயாரிக்கப்பட்டு, அவற்றின் செலவை நோய்க் காப்புறுதி நிதியங்கள் ஏற்றல் வேண்டும். தொடங்குமுன்னரே நிறுத்தும் விதமும் சொல்லப்படல் வேண்டும். வைத்தியரிடம் பேசுதற்குப் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். புதிய சட்டம் எவ்வடிவில் வரினும், கட்டாயத்தால் மருந்து பெற்றவருக்கு அதனைக் குறைக்கும் திட்டமும் எழுத்தில் தரப்படாதவரை, அச்சட்டத்தை நாம் ஆதரியோம்.

இவ்வறிக்கையை வாசித்த எவரும் இன்றிரவுக் குளிசையைத் தாமாக நிறுத்திவிடவேண்டாம். முதலில் வைத்தியரிடம் பேசுங்கள், தனியே போகத் தயங்கினால் எம்மை அழையுங்கள், உடன் வருகிறோம்.